ஒரு பக்க மூக்கடைப்பு, ஓயாத ரத்தக்கசிவு: பதின்ம வயதுப் பையன்களின் ஆஞ்சியோஃபைப்ரோமா

நம் வீடுகளில் ‘மூக்கில் சதை வளர்ந்திருக்கிறது’ என்று சொன்னால் அது நான்கைந்து வெவ்வேறு விஷயங்களில் எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வாமையால் வீங்கிய டர்பினேட் என்ற மூக்கின் பக்கச்சுவர் மடிப்பும் சதைதான், சிறு பிள்ளைகளுக்கு மூக்கின் பின்னால் வீங்கும் அடினாய்டும் சதைதான், உரித்த திராட்சைபோல வெளிறித் தொங்கும் பாலிப்பும் சதைதான். இவை எல்லாம் அவசரமில்லாதவை. சொட்டு மருந்திலோ சிறு அறுவையிலோ சரியாகிவிடும். அதே சொல்லுக்குள் இன்னொன்றும் ஒளிந்துகொள்கிறது. அதுதான் ஜுவனைல் நேசோஃபேரின்ஜியல் ஆஞ்சியோஃபைப்ரோமா என்ற, மூக்கின் பின்கோடியில் வளரும் ரத்தநாளக் கட்டி. மருத்துவமனையில் சுருக்கமாக ஜேஎன்ஏ என்பார்கள். பத்து வயதிலிருந்து இருபது வரையிலான பையன்களுக்கே ஏறத்தாழ எப்போதும் வருவது. புற்றுநோய் இல்லை, உடலின் மற்ற பாகங்களுக்குப் பரவாது. ஆனால் இதைச் சதை என்று நினைத்து யாராவது வெட்டிப் பார்த்தால் கிளினிக் நாற்காலியிலேயே பையனின் உயிருக்கு ஆபத்து வரலாம்.

காரணம் கட்டிக்குள் இருக்கும் ரத்தக்குழாய்களின் அமைப்பு. விரலில் கத்தி பட்டால், அறுந்த குழாயின் சுவரில் இருக்கும் தசை சுருங்கி வாயை இறுக்கும், அப்புறம் ரத்தம் உறையும். இந்தக் கட்டியின் குழாய்களில் அந்தத் தசை பெரும்பாலும் இல்லை, இருந்தாலும் முழுமையாக இல்லை. நார்த்திசுவுக்குள் விறைப்பாகத் திறந்தபடியே கிடக்கும் குழாய்கள் அவை. அறுத்தால் குழாய் மூடிக்கொள்ளாது. சிகிச்சை ஏன் இப்படித் திட்டமிடப்படுகிறது என்ற கேள்விக்கெல்லாம் விடை இங்கேதான் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்ட பெற்றோருக்கு மருத்துவர் சொல்லும் ஒவ்வொரு ‘கூடாது’வும் தானாகவே புரிந்துவிடும்.

முதலில் பயத்தை அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். மூக்கில் ரத்தம் வரும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு மூக்கின் முன்பகுதியில், நடுத்தண்டின் கீழ் ஓரத்தில் இருக்கும் மெல்லிய நாளங்கள்தான் உடைகின்றன. நோண்டுவதாலும் தும்முவதாலும் வருவது அது. தலை, கழுத்துக் கட்டிகள் அத்தனையையும் சேர்த்து எண்ணினால் ஜேஎன்ஏ அரை சதவீதத்துக்கும் குறைவு. அரிதானது என்பதாலேயே தாமதமும் ஆகிறது. சிங்கப்பூரில் தூசிப்பூச்சி ஒவ்வாமை இல்லாத வீடே குறைவு. மூக்கடைப்பு என்றதும் ‘சைனஸ்’, ‘அலர்ஜி’ என்று ஒரு ஸ்டீராய்டு ஸ்ப்ரே, ஒரு மாத்திரை. மூன்று மாதம் கழித்து வேறு ஸ்ப்ரே. இப்படி ஒரு வருடம் ஓடிவிடும், கட்டி அதன் பாட்டுக்கு வளரும்.

ஒவ்வாமையையும் இதையும் பிரித்துக் காட்டுவது ‘எந்தப் பக்கம்’ என்ற கேள்விதான். ஒவ்வாமை அடைப்பு பக்கம் மாறும். இடப்புறம் படுத்தால் இடது அடைக்கும், புரண்டால் வலது அடைக்கும். அரிப்பு, தொடர் தும்மல், கண்ணில் நீர் எல்லாம் கூடவே வரும். கட்டியின் அடைப்பு பக்கம் மாறாது. வலது என்றால் காலையும் வலது, இரவும் வலது, போன மாதமும் வலது. ரத்தமும் அதே பக்கம்தான் வரும், வலி இருக்காது.

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். குளிர்சாதனம் போட்ட அறையில் அரைமணி நேரம் கிடந்த எவர்சில்வர் தட்டை நன்றாகத் துடைத்து, பையனின் மேலுதட்டுக்கு மேல், மூக்குத் துவாரங்களுக்குக் கீழே கிடையாகப் பிடியுங்கள். வாயை மூடி மூக்கால் மெதுவாக மூச்சு விடச் சொல்லுங்கள். தட்டில் இரண்டு பனித்திட்டுகள் படியும். ஒன்று எப்போதும் சிறியதாகவோ இல்லாமலோ இருக்கிறதா என்று காலையும் மாலையும் ஒரு வாரம் பாருங்கள். தட்டை ஐஸ்பெட்டியிலிருந்து எடுக்காதீர்கள். இங்குள்ள ஈரக்காற்றில் அது முழுவதும் தானே வியர்த்து ஒன்றும் தெரியாமல் போகும். ஒரு வாரமும் ஒரே பக்கத்துத் திட்டு வராவிட்டால் அந்த மூக்குக்குள் ஏதோ நிலையாக நிற்கிறது என்று பொருள். அது என்ன என்று இந்தச் சோதனை சொல்லாது. ஆனால் மருத்துவரிடம் ‘எப்போதும் வலப்பக்கம் மட்டும்’ என்று உறுதியாகச் சொல்ல முடியும். அந்த ஒரு வாக்கியம் பாதி வேலையை முடித்துவிடும்.

பேச்சிலும் தெரியும். மெல்லினம் மூக்கில் பிறக்கும் என்று பள்ளியில் படித்திருப்போம். மூக்கின் பின்வாசல் அடைபட்டால் முதலில் கெடுவது அந்த மெல்லின எழுத்துகள்தான். ‘அம்மா’ என்பது ‘அப்பா’வை நோக்கி நகரும், ‘மணி’ என்பது ‘பணி’போல ஒலிக்கும். குரல் உடைகிற வயது என்பதால் வீட்டில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு பக்கக் காது அடைத்ததுபோல இருப்பது, புதிதாக வந்த குறட்டை, ஒரு கன்னம் மட்டும் உப்பியிருப்பது, ஒரு கண் சற்று வெளியே தள்ளித் தெரிவது ஆகியவற்றையும் கவனியுங்கள். கடைசி இரண்டும் கட்டி மூக்கைத் தாண்டிவிட்டது என்பதற்கான அடையாளம். அந்தக் கட்டத்தில் அடுத்த மாத அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்கக் கூடாது.

கோடாலித் தைலம், ஆவி பிடித்தல் பற்றியும் சொல்லியாக வேண்டும். தைலத்தில் இருக்கும் மென்தால் மூக்கின் குளிர்ச்சி நரம்புகளைத் தூண்டுகிறது. மூச்சு வழி ஒரு மில்லிமீட்டர்கூட விரியாமலேயே ‘மூக்கு திறந்துகொண்டது’ என்ற உணர்வு வரும். அந்த நிம்மதியில் வாரங்கள் கடந்துவிடும். சூடான ஆவி நாளங்களை விரிக்கும், ரத்தக்கசிவு இருக்கும் பையனுக்கு அது வேண்டவே வேண்டாம். மூக்கில் எண்ணெய் விடுவதையும் நிறுத்திவிடுங்கள்.

ரத்தம் வரும்போது பையன் நேராக உட்கார்ந்து முன்னால் குனிய வேண்டும். தலையை அண்ணாந்தால் ரத்தம் தொண்டைக்குள் போகும், அதை விழுங்கி வாந்தி எடுப்பான். அந்தக் கரிய வாந்தியைப் பார்த்து வீடே பதறும். மூக்கெலும்பைப் பிடித்துப் பயனில்லை. அதற்குக் கீழே இருக்கும் மென்மையான பகுதியை இரு விரலால் இறுக்கி, கடிகாரத்தைப் பார்த்து முழுதாகப் 10 முதல் 15 நிமிடம் பிடிக்க வேண்டும். நடுவில் ‘நின்றுவிட்டதா’ என்று விட்டுப் பார்க்கக் கூடாது. வாயில் வரும் ரத்தத்தைப் பாத்திரத்தில் துப்பச் சொல்லுங்கள். முன்புறக் கசிவென்றால் இதிலேயே நின்றுவிடும். கட்டி இருப்பது மூக்கின் பின்கோடியில், விரலின் அழுத்தம் அங்கே எட்டாது. ஆகவே பிடித்திருக்கும்போதே தொண்டையில் ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தாலோ, 20 நிமிடமாகியும் நிற்காவிட்டாலோ, முகம் வெளிறித் தலை சுற்றினாலோ ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழைத்துவிடுங்கள். டாக்சி பிடிக்கலாம் என்று யோசிக்க வேண்டாம்.

எவ்வளவு ரத்தம் போனது என்று மருத்துவர் கேட்பார். ‘நிறைய’ என்ற பதிலால் அவருக்குப் பயனில்லை. சமையலறைத் தராசு இருந்தால், நனைந்த துண்டை நிறுத்து, அதேபோன்ற காய்ந்த துண்டின் எடையைக் கழியுங்கள். ஒரு கிராம் ஏறத்தாழ ஒரு மில்லிலிட்டர் ரத்தம். 50 கிலோ எடையுள்ள பையனின் உடலில் மொத்தம் சுமார் 3.5 லிட்டர் ரத்தம் இருக்கும். அரை லிட்டர் போனால் அது பெரிய இழப்பு. தேதி, எந்தப் பக்கம், எத்தனை நிமிடம், எத்தனை கிராம் என்று நான்கே விவரம் கைபேசியில் குறித்து வையுங்கள். சிறிது சிறிதாகப் போனாலும் இரும்புச்சத்து கரையும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, வகுப்பில் தூங்குகிறான் என்றால் படிப்பில் அக்கறையில்லை என்று திட்டுவதற்கு முன்னால் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள்.

பலதுறை மருந்தகமான பாலிகிளினிக்கில் காட்டிப் பரிந்துரைக் கடிதம் வாங்கினால் அரசு மருத்துவமனையின் ஈஎன்டி (காது, மூக்கு, தொண்டை) பிரிவில் மானியக் கட்டணத்தில் பார்க்கலாம். நேரே தனியார் நிபுணரிடம் போய்விட்டுப் பிறகு மானியத்துக்கு மாறுவது சிரமம், எனவே இந்த வரிசை முக்கியம். சின்னப் பையன் என்றால் கேகே மகளிர் சிறுவர் மருத்துவமனைக்கோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ போகலாம். பெரியவன் என்றால் மற்றப் பொது மருத்துவமனைகளும் உண்டு. கடிதத்தில் ‘ஒரு பக்க அடைப்பு, அதே பக்கத்தில் திரும்பத் திரும்ப ரத்தம், ஆண், 14 வயது’ என்ற சொற்கள் இருக்கிறதா என்று அங்கேயே வாசித்துப் பாருங்கள். வெறும் ‘மூக்கடைப்பு’ என்று எழுதினால் சந்திப்புத் தேதி தள்ளிப்போகும்.

ஈஎன்டி மருத்துவர் மரப்பு ஸ்ப்ரே அடித்து, மெல்லிய ஸ்கோப்பை மூக்குக்குள் செலுத்துவார். மழமழவென்று, செக்கச்சிவந்து, மேலே நாளங்கள் ஓடும் திரட்சி ஒன்று பின்னால் தெரியும். பாலிப்பின் வெளிறிய நிறம் அதற்கு இருக்காது. இந்த இடத்தில் ஒரு தயக்கம் வருவது இயல்பு. இங்கே மூக்குத்தொண்டைப் புற்றுநோய், குறிப்பாகச் சீன ஆண்களிடையே, நன்கு அறியப்பட்ட நோய். எனவே ‘ஒரு துண்டு எடுத்துப் பார்த்துவிடலாமே, சந்தேகம் தீருமே’ என்று பெற்றோரே கேட்பார்கள். பதின்ம வயதுப் பையன், சிவந்த கட்டி, ரத்தக்கசிவு என்று மூன்றும் சேர்ந்தால் ஸ்கேன் எடுக்காமல் கிளினிக்கில் துண்டு எடுக்கவே கூடாது. குழாய் மூடாது என்று மேலே சொன்னது இதற்காகத்தான். ஸ்கேனே பெரும்பாலும் தெளிவான விடை தந்துவிடும். படம் வழக்கத்துக்கு மாறாக இருந்தால், அறுவை அரங்கில், ரத்தம் தயாராக வைத்துக்கொண்டுதான் துண்டு எடுப்பார்கள். பெண் பிள்ளைக்கு ஜேஎன்ஏ என்று யாராவது சொன்னால் அந்த முடிவை இன்னொரு முறை சரிபார்க்கச் சொல்ல வேண்டும்.

சிடி, எம்ஆர்ஐ இரண்டும் தேவைப்படும். எதற்கு இரண்டு என்று செலவைப் பார்த்துக் கேட்பவர்கள் உண்டு. சிடி எலும்பைக் காட்டும். இந்தக் கட்டி மூக்கின் பின்பக்கச் சுவரில், ஸ்ஃபினோபாலடைன் துளைக்கு அருகில் முளைத்து, கன்ன எலும்புக்குப் பின்னால் இருக்கும் சிறிய இடுக்குக்குள் நுழையும். நுழைந்ததும் கன்னச் சைனஸின் பின்சுவரை முன்னோக்கி வில்போல வளைக்கும். இந்த வளைவை ஹோல்மன்-மில்லர் அடையாளம் என்பார்கள். எம்ஆர்ஐ மென்திசுவைக் காட்டும். சைனஸில் தேங்கிய சளி எது, கட்டி எது, கண்குழிக்குள் போயிருக்கிறதா, மூளை உறையைத் தொடுகிறதா என்பதெல்லாம் அதில்தான் தெரியும். பல்லுக்குக் கம்பி போட்ட பையன் என்றால் ஸ்கேன் தேதி வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். உலோகம் எம்ஆர்ஐ படத்தை முகப் பகுதியில் கலைத்துவிடும், பார்க்க வேண்டிய இடமே மங்கிப்போகும். பல் மருத்துவரிடம் போய்க் கம்பியைத் தற்காலிகமாகக் கழற்றுவது ஒரு மணி நேர வேலை. அதைச் செய்யாமல் போனால் மறுபடி ஒரு ஸ்கேன், மறுபடி ஒரு கட்டணம்.

ஸ்கேனுக்குப் பிறகு ‘ஸ்டேஜ்’ என்ற சொல் வரும். வீட்டில் எல்லாரும் உடைந்துபோவது இந்தச் சொல்லைக் கேட்டுத்தான். புற்றுநோயின் ஸ்டேஜ் வேறு, இது வேறு. கட்டி எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று குறிக்கும் வரைபடம் மட்டுமே இது. 1996இல் வெளியான ராட்கோவ்ஸ்கி முறையில், மூக்குக்குள்ளேயே இருந்தால் ஒன்று, எலும்பிடுக்குகளுக்குள்ளும் கன்னத்தின் பின்பக்கமும் போனால் இரண்டு, மண்டையோட்டின் அடித்தளத்தை அரித்தால் மூன்று. 2010இல் பிட்ஸ்பர்க் மருத்துவர்கள் தந்த முறை, ரத்தக்குழாய்களை அடைத்த பிறகும் கட்டிக்கு எங்கிருந்து ரத்தம் மிச்சமாக வருகிறது என்பதையும் கணக்கில் எடுக்கிறது. அறுவை எவ்வளவு கடினமாக இருக்கும் என்பதை இதுவே நன்றாகச் சொல்கிறது என்பது எங்கள் எண்ணம். எந்த முறைப்படி எந்த ஸ்டேஜ் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு முறையின் இரண்டும் இன்னொரு முறையின் இரண்டும் ஒன்றல்ல. இரண்டாவது கருத்துக் கேட்கப் போகும்போது இந்தக் குழப்பம் நிறைய வரும்.

சிகிச்சை என்றால் அறுவைதான். ‘வளர்ந்த பிறகு தானாகச் சுருங்கும் என்று படித்தேனே’ என்று சிலர் தயங்குவார்கள். சுருங்கிய சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. ஆனால் யாருக்குச் சுருங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதுவரை ரத்தம் போய்க்கொண்டிருக்கும், எலும்பும் அரித்துக்கொண்டிருக்கும். ஃப்ளூட்டமைடு என்ற ஆண் ஹார்மோன் தடுப்பு மாத்திரையை அறுவைக்கு முன் ஆறு வாரம், உடல் எடையின் கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் என்ற அளவில் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், பருவமடைந்த பையன்களுக்குக் கட்டி ஓரளவு சுருங்கியது, பருவமடையாதவர்களுக்கு அப்படி உறுதியான பலன் இல்லை. கண் நரம்பை ஒட்டிய பெரிய கட்டிகளில் அந்த ஓரளவுகூட உதவலாம். ஈரலைப் பாதிக்கக்கூடிய மருந்து என்பதால் ரத்தப் பரிசோதனை கட்டாயம். மார்பு வலிக்கலாம், வீங்கலாம். இதைப் பையனிடமே முதலில் சொல்ல வேண்டும், அவன் கூச்சப்பட்டு மறைத்துக்கொண்டு மாத்திரையை நிறுத்திவிடும் வயது அது. கதிர்வீச்சு 30 முதல் 36 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வரை கொடுப்பது உண்டு. வளரும் வயதில் பிற்காலப் புற்றுநோய், கண்புரை ஆகியவற்றின் அபாயம் இருப்பதால், எடுக்கவே முடியாத இடத்தில் மிஞ்சிய கட்டிக்கு மட்டும் அதை வைத்திருக்கிறார்கள்.

அறுவைக்கு முன் எம்போலைசேஷன். தொடை மடிப்பிலோ மணிக்கட்டிலோ இருக்கும் தமனி வழியாக மெல்லிய குழாயைக் கழுத்துவரை கொண்டுபோய், கட்டிக்குத் தீனி போடும் நாளத்துக்குள் நுண்துகள்களை விட்டு அடைப்பார்கள். பெரும்பாலும் அது வெளிக் கழுத்துத் தமனியின் கிளையான மேக்ஸிலரி தமனியாக இருக்கும். பையன் அசையாமல் இருக்க வேண்டும் என்பதால் மயக்க மருந்து தருவார்கள். அப்புறம் 24 முதல் 72 மணி நேரத்துக்குள் அறுவை நடக்க வேண்டும். விட்டால் உடல் பக்கவாட்டு நாளங்களைத் திறந்து கட்டிக்கு மறுபடியும் ரத்தம் அனுப்பிவிடும். எனவே எம்போலைசேஷன் தேதியைக் கேட்கும்போதே அறுவை அரங்கும், தீவிர சிகிச்சைப் படுக்கையும், ரத்தமும் உறுதியாகிவிட்டனவா என்று சேர்த்துக் கேளுங்கள். பையனுக்குச் சளிக் காய்ச்சல் வந்து அறுவை தள்ளிப்போனால் அடைத்ததன் பலன் வீண். அந்த ஒரு வாரம் கூட்டமான இடங்களைத் தவிர்ப்பது நல்லது.

இதில் இருக்கும் ஆபத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வெளிக் கழுத்துத் தமனிக்கும் கண்ணுக்கோ மூளைக்கோ போகும் நாளங்களுக்கும் இடையே சிலருக்கு நுண்ணிய இணைப்புகள் இருக்கும். துகள் அந்த வழியே போனால் பார்வை போகலாம், பக்கவாதம் வரலாம். அபூர்வம்தான், ஆனால் ஒப்புதல் படிவத்தில் இருக்கும். அதனால்தான் துகள் விடுவதற்கு முன் சாயம் செலுத்தி ஒவ்வொரு கிளையையும் படம் பிடிக்கிறார்கள். முடிந்து விழித்ததும் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்வையைச் சோதிப்பார்கள். அன்றிரவு கன்னமும் தாடையும் வலிக்கும், லேசான காய்ச்சல் வரும், வாய் முழுதாகத் திறக்காது. இவை எதிர்பார்த்தவையே. தொடை வழியாகச் செய்திருந்தால் சில மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும். கைபேசி சார்ஜருக்கு நீளமான ஒயர் எடுத்துப் போங்கள், பதின்ம வயதுப் பையனை அசையாமல் படுக்க வைக்க அதைவிட நல்ல வழி எங்களுக்குத் தெரியவில்லை.

ரத்தத்துக்கு ஆள் தேட வேண்டியதில்லை. ஊரில் உறவினர்களைக் கூட்டிப்போய் ‘மாற்று ரத்தம்’ கொடுத்த பழக்கத்தில் பலர் இங்கும் பதறுகிறார்கள். சிங்கப்பூரில் சுகாதார அறிவியல் ஆணையத்தின் ரத்த வங்கி, தன்னார்வலர்கள் தரும் ரத்தத்தை மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. பையனின் ரத்தத்தோடு ஒத்துப்பார்த்து அறுவைக்கு முன்னே எடுத்துவைப்பார்கள். நீங்கள் செய்ய வேண்டியது வேறு. ஆஸ்பிரின், ஐப்யூபுரோஃபென், மீன் எண்ணெய், பூண்டு மாத்திரை, நாட்டு மருந்து, சீன மருந்து என்று எது சாப்பிட்டிருந்தாலும் அதை மயக்க மருத்துவரிடம் சொல்ல வேண்டும், அவர் சொல்லும் நாளில் நிறுத்த வேண்டும். ‘மூலிகைதானே, ஒன்றும் செய்யாது’ என்று மறைப்பதால் அறுவை மேசையில் ரத்தம் உறையாமல் போகலாம்.

அறுவை இப்போது பெரும்பாலும் மூக்கு வழியாகவே, எண்டோஸ்கோப் வைத்து நடக்கிறது. முகத்தில் தழும்பு இருக்காது. இரண்டு மருத்துவர்கள் இரண்டு துவாரம் வழியாக நான்கு கையால் வேலை செய்வார்கள். நடுத்தண்டின் பின்னோரத்தைச் சிறிது எடுத்து வழி செய்து, கன்னச் சைனஸைத் திறந்து, அதன் பின்சுவர் எலும்பை நீக்கினால் கட்டி நுழைந்த இடுக்கு தெரியும். அங்கே மேக்ஸிலரி தமனியைத் தேடிக் கிளிப் போட்டுவிட்டு, கட்டியை ஓரங்களிலிருந்து பிரித்துக்கொண்டு வருவார்கள். தலைப்பக்கம் சற்று உயர்த்தியிருக்கும், ரத்த அழுத்தத்தை மயக்க மருத்துவர் கட்டுப்படுத்தி வைத்திருப்பார். பல மணி நேரம் ஆகும். ரத்தம் அளவு மீறிப் போனால் பாதியில் நிறுத்தி, இன்னொரு நாள் மிச்சத்தை எடுப்பார்கள். இதைக் கேட்டு ‘அறுவை தோற்றுவிட்டது’ என்று வெளியே அழுதுகொண்டிருப்பவர்களைக் காணும்போது, முன்பே யாராவது சொல்லியிருக்கலாமே என்று மனது வருந்துகிறது. பெரிய கட்டிகளில் இரண்டு கட்டமாகச் செய்வது முதலிலேயே திட்டத்தில் இருக்கும் விஷயம். உதட்டுக்கு உள்பக்கம் கீறி முகத்தை மேலே தூக்கிச் செய்யும் திறந்த அறுவையும், கன்னத்துக்குப் பின்னால் வெகுதூரம் போன கட்டிகளுக்கு இன்றும் தேவைப்படுகிறது.

அறுவை மருத்துவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வாய்ப்புக் கிடைத்தால், ‘விடியன் கால்வாயையும் அதைச் சுற்றியுள்ள எலும்பையும் துளையிட்டுச் சுத்தம் செய்வீர்களா?’ என்று கேளுங்கள். மூக்குக்குப் பின்னால், மண்டையோட்டின் அடித்தளத்தில் இருக்கும் ஸ்ஃபினாய்டு எலும்புக்குள் ஓடும் நுண்ணிய வழிதான் விடியன் கால்வாய். இந்தக் கட்டி திரும்ப வருகிறது என்பார்கள். பெரும்பாலும் அது புதிதாக முளைப்பதில்லை. கட்டியின் விரல்போன்ற நுனி ஒன்று ஸ்ஃபினாய்டு எலும்பின் பஞ்சுப் பகுதிக்குள் புகுந்து மிஞ்சியிருந்து, அங்கிருந்து வளர்வதுதான். பெரிய உருண்டையை எடுத்து முடித்த களைப்பில் இந்தச் சின்ன இடத்தை விட்டுவிட்டால், அடுத்த ஓரிரு வருடத்தில் மறுபடி அதே பக்கம் அடைக்கும்.

விழித்ததும் மூக்கில் பஞ்சு அடைத்திருக்கும், வாயால்தான் மூச்சு. ஓரிரு நாளில் எடுப்பார்கள். வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், குனிந்து புத்தகப்பை தூக்கக் கூடாது. உப்புநீர்க் கழுவல்தான் இனிப் பெரிய வேலை. கொதிக்க வைத்து ஆறிய நீர் 240 மில்லி, அயோடின் சேர்க்காத உப்பு சுமார் 2 கிராம், அதாவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குத் தேக்கரண்டி, சமையல் சோடா ஒரு சிட்டிகை. குழாய்த் தண்ணீர் இங்கே குடிக்கத் தகுந்ததுதான், ஆனாலும் மூக்குக்குள் விடக் கொதிக்க வைத்தே ஆக வேண்டும். எப்போது தொடங்கலாம், நாளுக்கு எத்தனை தடவை என்பதை மருத்துவர் சொல்வார். முதல் முறை எரிந்தால் உப்பு கூடியோ குறைந்தோ இருக்கிறது என்று அர்த்தம், கழுவலை நிறுத்தாதீர்கள், அளவைச் சரிசெய்யுங்கள். பொருக்குகள் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் வரும். விரலால் பிய்க்கக் கூடாது, நாற்றம் வந்தால் காட்ட வேண்டும். நீச்சலும் விமானப் பயணமும் மருத்துவர் சரி என்ற பிறகுதான்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத இரண்டு தொல்லைகள் உண்டு. ஒன்று, அந்தப் பக்கக் கண் வறண்டுபோவது. கண்ணீர் சுரக்கச் சொல்லும் நரம்பு விடியன் கால்வாய் வழியாகத்தான் போகிறது. அங்கே துளையிட்டால் நரம்பும் போகலாம். கண் உறுத்துகிறது, மணல் விழுந்ததுபோல இருக்கிறது என்றால் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு போட வேண்டும். இன்னொன்று, மேலண்ணமும் மேல்பற்களும் கன்னமும் மரத்துப்போவது. ரசமோ மைலோவோ சூடாகக் கொடுத்தால் அண்ணம் வெந்துபோவது பையனுக்கே தெரியாது. அம்மா தன் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுப்பது அவனுக்குச் சங்கடமாக இருக்கலாம், சில மாதத்துக்கு வேறு வழியில்லை. மரப்பு பலருக்குக் குறையும், சிலருக்கு ஓரளவு தங்கிவிடும்.

செலவு பற்றிச் சுருக்கமாக. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மெடிஷீல்டு லைஃப் என்ற அடிப்படை மருத்துவக் காப்புறுதி உண்டு, முன்பே இருந்த நோய்களையும் அது உள்ளடக்கும். மீதியில் ஒரு பகுதியைப் பெற்றோரின் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுக்கலாம், அப்புறமும் முடியாதவர்கள் மருத்துவச் சமூக சேவகரிடம் மெடிஃபண்டு என்ற அரசு உதவி நிதி பற்றிக் கேட்க வேண்டும். கேட்பதில் வெட்கமே வேண்டாம், அதற்காகத்தான் அவர் அங்கே இருக்கிறார். தனியார் காப்புறுதியில் கோரிக்கை வைக்கும்போது படிவத்தில் ‘தீங்கற்ற ரத்தநாளக் கட்டி’ என்ற நோய்ப்பெயர் திசு ஆய்வறிக்கையில் உள்ளபடியே இருக்கட்டும். ‘மூக்குக் கட்டி’ என்று பொதுவாக எழுதிக் கொடுத்தால் கேள்விமேல் கேள்வி வரும். பெற்றோரின் வேலை அனுமதியில் இங்கே தங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு மானியமும் மெடிஷீல்டும் கிடையாது. அவர்களில் பலர் ஊருக்குப் போக முடிவு செய்வது நியாயமே, இந்தியாவில் இந்தக் கட்டியை நிறையப் பார்த்துப் பழகிய மருத்துவமனைகள் இருக்கின்றன. ஆனால் சென்னைக்கு நான்கு மணி நேரப் பயணம். அண்மையில் பெரிதாக ரத்தம் வந்த பையனை மருத்துவர் சரி சொல்லாமல் விமானத்தில் ஏற்றக் கூடாது. ஸ்கேனின் அறிக்கைத் தாளோடு முழுப் படங்களும் அடங்கிய வட்டை வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே எம்போலைசேஷன், அங்கே அறுவை என்று பிரிக்கவே பிரிக்காதீர்கள், மேலே சொன்ன 72 மணி நேரக் கணக்கு அதை அனுமதிக்காது.

அறுவைக்குப் பின் முதல் எம்ஆர்ஐயைச் சில மருத்துவர்கள் சில நாட்களுக்குள்ளேயே எடுப்பார்கள், சிலர் மூன்று நான்கு மாதம் கழித்து எடுப்பார்கள். இரண்டுக்கும் காரணம் உண்டு. அதன் பிறகு ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒரு முறை, குறைந்தது மூன்று வருடம் பார்ப்பது வழக்கம். மூக்கு நன்றாகத் திறந்திருக்கிறது, ரத்தம் இல்லை, தேர்வு வருகிறது என்று இரண்டாவது ஸ்கேனைத் தவறவிடுபவர்கள்தான் அதிகம். மிஞ்சிய கட்டி வளர்வதைப் பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்தில்தான் கண்டுபிடிக்கிறார்கள். எலும்புக்குள் இருக்கும் சிறு மிச்சம் மூக்கை அடைக்காது, ரத்தமும் வராது, ஸ்கேனில் மட்டுமே தெரியும். சில மிச்சங்கள் வளராமல் அப்படியே நிற்கும், அவற்றை உடனே வெட்டாமல் கவனித்துக்கொண்டிருப்பார்கள். எது வளர்கிறது, எது நிற்கிறது என்று சொல்ல முந்தைய படம் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பள்ளியில் உடற்கல்வி ஆசிரியரிடமும் இணைப்பாட நடவடிக்கைப் பொறுப்பாசிரியரிடமும் மருத்துவச் சான்றிதழோடு இரண்டு வரி விளக்கமும் கொடுங்கள். வகுப்பில் மூக்கிலிருந்து ரத்தம் வந்த பையன் நண்பர்கள் முன்னால் எவ்வளவு கூசியிருப்பான் என்பது ஆசிரியருக்குத் தெரிந்தால் அவனைக் கவனமாக நடத்துவார். பதினாறரை வயதில் தேசிய சேவைக்கு (கட்டாய ராணுவப் பணிக்கு) பதிவு செய்யச் சொல்லிக் கடிதம் வரும். அப்போது நடக்கும் மருத்துவப் பரிசோதனைக்கு அறுவைச் சுருக்கம், திசு ஆய்வறிக்கை, கடைசி எம்ஆர்ஐ அறிக்கை, காது கேட்கும் சோதனை முடிவு, கண் வறட்சி இருந்தால் அதற்கான குறிப்பு என்று எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்து எடுத்துப் போகச் சொல்லுங்கள்.